“இருக்கவே பிடிக்கலை” என்று பிள்ளை சொன்ன இரவு: பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. தஞ்சாவூர் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் மகள் பிளஸ் ஒன் படித்தபோது ஒரு நவம்பர் இரவு, தோசைத் தட்டைப் பார்த்தபடியே, “அம்மா, எனக்கு இருக்கவே பிடிக்கலை” என்றாள். அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிக் கடந்தோம் என்று தெரிந்த ஒருவரிடம் சொன்னேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். இப்போது முன்பின் தெரியாத பெற்றோர்கூட என்னைக் கூப்பிடுகிறார்கள், பெரும்பாலும் ராத்திரியில். கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அவள் இரண்டு இடத்தில் திருத்தமும் போட்டாள்.

இந்த நிமிஷமே ஆபத்து. முதலில் என்ன செய்ய?

எதையாவது விழுங்கிவிட்டாள், காயப்படுத்திக்கொண்டான், அல்லது அப்படிச் சந்தேகம் என்றால் 108. மீதியை அப்புறம் படிக்கலாம்.

“நல்லாத்தானே பேசுறான், காலையில் பார்ப்போம்” என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உள்ளே போன சில பொருள்கள் முதல் நாள் ஒன்றுமே காட்டாது. பிள்ளை எழுந்து நடக்கும், டீ குடிக்கும். கல்லீரல் கெட்ட பிறகுதான் வெளியே தெரியும், அப்போது வைத்தியம் கஷ்டம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். டப்பாவோ மாத்திரை அட்டையோ கிடந்தால் அதைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

பிள்ளை அறைக்குள் பூட்டிக்கொண்டால், மாடி விளிம்பில் நின்றால், வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டால் போலீஸுக்கு 112. கதவை உடைக்க, கிணற்றில் இறங்கத் தீயணைப்புத் துறை 101.

இப்படி எதுவும் நடக்கவில்லை, ஆனால் சொல்கிறான், பயமாக இருக்கிறது என்றால் பிள்ளையைத் தனியாக விடாமல் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கே வந்து பார்க்கிற மனநலக் குழு நம் ஊரில் இருக்கிறதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நானும் அன்றிரவு இதைத்தான் தேடினேன். அமெரிக்காவில் 2022 ஜூலையிலிருந்து 988 என்று மனநல நெருக்கடிக்கு ஓர் எண் இருக்கிறது; பல ஊர்களில் தேவைப்பட்டால் ஆலோசகர்கள் வண்டியில் வீட்டுக்கே வருகிறார்கள். இங்கிலாந்தில் மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டிலேயே வந்து பார்க்கும் நெருக்கடிக் குழுக்கள் உண்டு. தமிழ்நாட்டில் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் கதவைத் தட்டுகிற மனநலக் குழு என்று எதையும் நம்பி உட்கார முடியாது. இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாத ஒன்றைத் தேடி நான் அன்று முக்கால் மணி நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தேன், மகள் பக்கத்து அறையில் தனியாக இருந்தாள்.

நேரில் வருகிறவர்கள் யார் என்றால்: 108 ஆம்புலன்ஸ் வரும். போலீஸ் வரும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வீட்டிலேயே யாராலோ ஆபத்து என்றால் 1098 மூலமாகக் குழந்தைகள் பாதுகாப்பு ஆட்கள் வருவார்கள். குரலில் வருகிறவர்கள்: 14416, அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104, சென்னையின் ஸ்நேகா அமைப்பின் 044-24640050. ஸ்நேகா 1986-இலிருந்து இந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது.

இன்னொருவரும் உண்டு, யாருக்கும் தோன்றுவதில்லை: உங்கள் தெருமுனை எம்.பி.பி.எஸ். டாக்டர். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, மருத்துவமனைக்குள்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும். அதிகபட்சம் 72 மணி நேரம், அதற்குள் மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். பத்து வருடமாக உங்கள் வீட்டுச் சளி காய்ச்சலைப் பார்த்த டாக்டரை எழுப்பி “கொஞ்சம் வந்து பாருங்க சார்” என்று கூப்பிட வெட்கப்படாதீர்கள்.

ஆக, குழுவை நாம்தான் சேர்க்க வேண்டும். எங்கள் குழு: போனில் 14416 ஆலோசகர், பக்கத்து வீட்டு அக்கா, கும்பகோணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய என் நாத்தனார், மறுநாள் காலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு. நாத்தனாருக்கும் எனக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கூப்பிட்டேன், “எத்தனை மணிக்கு பஸ்?” என்று மட்டும் கேட்டார்.

வேன் அனுப்பிக் கூட்டிப்போகிறோம் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள். போகலாமா?

வேண்டாம். நாலு பேர் வந்து, ஊசி போட்டு, தூக்கிக்கொண்டு போகிற இடங்கள் உண்டு. குடிநோய்க்கு என்று ஆரம்பித்து இப்போது “மனசு சரியில்லாத” பிள்ளைகளையும் ஏற்றுகிறார்கள். 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்க இரண்டு மனநல மருத்துவர்களோ, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். அம்மாவோ அப்பாவோ அல்லது பெற்றோர் வைத்த ஆளோ உள்ளே கூடவே தங்க வேண்டும். பெற்றோரை வாசலிலேயே அனுப்பிவிடுகிற இடம் சட்டப்படி நடக்கிற இடமில்லை.

14416-ஐக் கூப்பிட்டால் என்ன நடக்கும்?

இது டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இங்கே ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. மொழி கேட்கும், தமிழை அழுத்துங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் 1800-891-4416 என்ற எண்ணும் அதே இடத்துக்குத்தான் போகும்.

முதலில் பேசுகிறவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். பிள்ளை எங்கே, தனியாக இருக்கிறாளா, முன்னால் முயற்சி செய்ததுண்டா, இப்போது கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார். போலீஸ் விசாரணை மாதிரித் தோன்றும். ஆனால் ஆபத்து எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அளக்கத்தான் அந்தக் கேள்விகள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். மறுபடி கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லியும் கேட்கலாம்.

பிள்ளை பேச மாட்டேன் என்றாலும் நீங்கள் பேசலாம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மகள் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து, “என் பொண்ணு இப்படிச் சொல்றா, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை” என்று என் கதையாகவே பேசினேன். இருபது நிமிஷம் கழித்து அவளே “அப்படி இல்லைம்மா, நீ தப்பா சொல்றே” என்று போனைப் பிடுங்கினாள். எல்லா வீட்டிலும் இது நடக்கும் என்று சொல்லவில்லை.

“சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாமா? நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுற்றி வளைத்துக் கேட்பதுதான் பிரச்சினை. “அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலைதானே?” என்று கேட்டால் பிள்ளைக்கு வேண்டிய பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, “இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

நாங்கள் கேட்டது இப்படி: “செத்துடலாம்னு நினைக்கிறியா?” ஆமாம் என்றாள். “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?” கொஞ்ச நேரம் பேசவில்லை. “இன்னிக்கா?” எப்படி, எப்போது என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் அது அவசரம், காலை வரை தள்ளிப்போடக் கூடாது. பதிலைக் கேட்டதும் அலறாமல் இருப்பது கஷ்டம். என் கணவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதுவும் பரவாயில்லை.

“தப்பான முடிவு” என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். மகள் போட்ட முதல் திருத்தம் இதில்தான். “அந்த வார்த்தையைக் கேட்டாலே, நான் ஏற்கெனவே தப்புப் பண்ணிட்ட மாதிரி இருக்கும்” என்றாள்.

வீட்டில் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

எனக்குத் தெரிந்தவரை மிகவும் பலன் தருகிற வேலை இது. அந்த நினைப்பு ஓர் அலை மாதிரி உச்சத்துக்கு ஏறி, சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ இறங்குவது வழக்கம். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒன்றை மறைத்தால் இன்னொன்றைத் தேடிப் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள்; பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

வயல் இருக்கிற வீடானால் பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து முதலில் வெளியே போகட்டும். மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் சொருகி வைத்திருக்கிற பாதி டப்பாவும் கணக்கில் சேரும். பூட்டி வைப்பதைவிட வீட்டிலேயே இல்லாமல் செய்வது மேல். அப்புறம் மாத்திரை. வீட்டில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று நமக்கே தெரியாது. மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, பழைய தூக்க மாத்திரை, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் காலையிலும் ராத்திரியிலும் மாமியாருக்கு வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவருவார். மூன்று மாதம் இப்படி ஓடியது. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

குளியலறையிலும் அவள் அறையிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றினோம். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு போட்டோம். இதையெல்லாம் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். முறைத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. பிற்பாடு சொன்னாள், தாழ்ப்பாள் போன அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாளாம்.

ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது?

பேச வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அறிவுரை, உதாரணம், “நாங்க உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம்” எல்லாம் அன்றைக்கு வேண்டாம். “உனக்கு என்ன குறைச்சல்?” நிச்சயமாக வேண்டாம். நான் அதைத்தான் முதலில் கேட்டேன்.

தரையில் பாய் போட்டுப் படுத்தோம். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு மணிக்குப் பசிக்கிறது என்றாள். தயிர்சாதம் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தேன், ஆறேழு வயசில் கொடுத்த மாதிரி. நாலு உருண்டை சாப்பிட்டாள். காலைக்குள் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்ற நினைப்பை விடுங்கள். விடிகிற வரை கூட இருப்பதுதான் அன்றைய வேலை. ஆள் மாற்றி ஆள் விழித்திருங்கள். ஒருவரே மூன்று ராத்திரி விழித்தால் நாலாவது ராத்திரி கண் அயர்ந்துவிடும்.

மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்கிறான். 108-இல் பலவந்தமாக ஏற்றலாமா?

முதலில் மத்தியஸ்தர் ஒருவரைப் பிடியுங்கள். பிள்ளை யாருக்குக் கட்டுப்படும்? பெரும்பாலும் அது நாம் இல்லை. சித்தப்பா, டியூஷன் சார், ஒன்றுவிட்ட அண்ணன், கபடி கோச், யாராகவும் இருக்கலாம். “உனக்குப் பைத்தியம்னு கூட்டிப் போகலை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, அதுக்குப் பார்ப்போம்” என்பது பொய்யும் இல்லை. கோயிலுக்குப் போகிறோம் என்று ஏமாற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகாதீர்கள், அடுத்த முறை நம்பாது.

108 ஆட்கள் மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும்தான், பிடித்து இழுக்க வருகிறவர்கள் இல்லை. ஆனால் சீருடையில் ஒருவர் வந்து ரத்த அழுத்தம் பார்த்து “வா தம்பி, போய்ட்டு வந்துடலாம்” என்றால் பல பிள்ளைகள் ஏறிவிடும். கூப்பிடும்போதே விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அக்கம்பக்கம் பார்க்குமே என்று தயக்கமாக இருந்தால், தெருவுக்குள் சைரன் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு விளக்கு மட்டும் சுழல வந்தது.

கையில் ஆயுதம், அடிக்க வருகிறான், ஓடப் பார்க்கிறான் என்றால் 112. தனக்கே ஆபத்து உண்டாக்கிக்கொள்கிற நிலையில் இருக்கும் ஒருவரைப் பாதுகாப்பாக மருத்துவரிடம் சேர்ப்பது போலீஸின் கடமை என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

போலீஸ் கேஸ் ஆகுமா? வேலைக்கு, கல்யாணத்துக்குப் பின்னால் பிரச்சினை வருமா?

இந்தப் பயத்தில்தான் பலர் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆவது பிரிவு இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலைக்கு முயன்றார் என்பதற்காக மட்டும் தண்டிக்கிற பிரிவு கிடையாது. தற்கொலைக்கு முயன்று அரசு ஊழியரை வேலை செய்யவைக்கவோ தடுக்கவோ பார்ப்பதற்கு மட்டும் 226 என்று ஒன்று இருக்கிறது, நம் பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் பொறுப்பு என்கிறது.

முயற்சி நடந்திருந்தால் மருத்துவமனையில் ‘ஏ.ஆர்.’ என்கிற விபத்துப் பதிவு போடுவார்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், ஒரு காவலர் வந்து என்ன நடந்தது என்று எழுதி வாங்குவார். பதற்றப்பட வேண்டாம், அது நடைமுறை. “போலீஸ் வந்தாத்தான் பார்ப்போம்” என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. உயிர் காப்பது முதலில் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. எங்களை ஒரு தனியார் மருத்துவமனை வரவேற்பிலேயே “இந்த மாதிரி கேஸ் எடுக்கிறதில்லை” என்று திருப்பி அனுப்பியது. அன்றைக்கு எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிந்திருந்தால் கொஞ்சம் சத்தம் போட்டிருப்பேன்.

எங்கே கூட்டிப் போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கும், ராத்திரியானால் அவசரப் பிரிவில் சேர்த்துக்கொண்டு பணி மருத்துவரை அழைப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் இருப்பார். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794-இல் தொடங்கிய நிறுவனம், ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லிக் கேலி செய்தே நாம் அதைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

சேர்த்துக்கொண்டால் 18-க்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. பெண் பிள்ளைக்கு அப்பா மட்டும்தான் துணை என்றால் கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும். ஷாக் வைத்துவிடுவார்களோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். சிறார்களுக்கு அது தடை; பெற்றோர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் இருந்தால்தான் முடியும்.

மந்திரிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

தாயத்து கட்டுங்கள், திருநீறு பூசுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் மாமியாரும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து செய்யுங்கள். பிள்ளையைக் கட்டிவைக்கிற, அடிக்கிற, பட்டினி போடுகிற இடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

“சும்மா பயமுறுத்துறா, போன் வாங்கித் தரணும்னு” என்கிறார் என் கணவர்.

இருக்கட்டும். பயமுறுத்தவே சொன்னாலும், போன் கேட்பதற்குச் சாவைத் துணைக்கு அழைக்கிற பிள்ளைக்கு உள்ளே ஏதோ ஓடுகிறது. நம்பி ஏமாந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

பரீட்சைதான் காரணம் என்று தெரிகிறது. அதை மட்டும் சரிசெய்தால் போதுமா?

பரீட்சை, காதல், போன் என்று வெளியே தெரிகிற ஒன்று கடைசி நாளில் தட்டிவிட்டதாக இருக்கும். அதற்குக் கீழே பல மாதமாகச் சேர்ந்தது இருக்கும். என் மகள் விஷயத்தில் நான் நீட் கோச்சிங் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம்தான் மனச்சோர்வு நோய் என்று டாக்டர் சொன்னார், எட்டு மாதமாக இருந்திருக்கிறது. தினமும் அவளுக்குத் தலைவாரிவிட்ட எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் பரீட்சையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. 2022-இல் மட்டும் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்காரி என்ற முறையில் சொல்கிறேன், சில விஷயங்கள் மாறியும் இருக்கின்றன. பத்தாவது, பிளஸ் டூவில் தவறியவர்கள் அந்த வருடமே துணைத்தேர்வு எழுதலாம். 2017 முதல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். ரிசல்ட் நேரத்தில் தவறிய பிள்ளைகளை 104-இலிருந்து அவர்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் “இங்க ஒண்ணும் இல்ல” என்று வைத்துவிடாமல் பிள்ளையிடம் கொடுங்கள்.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் உங்கள் பிள்ளையிடம் “ஃபெயிலானாலும் வீட்டுக்குத்தான் வரணும், சாப்பாடு இருக்கும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியும்தானே என்று நினைப்போம். தெரியாது.

யாரோ தொந்தரவு செய்திருக்கிறார்கள் என்று பிள்ளை சொல்கிறது.

நம்புங்கள். பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தாக வேண்டும், 1098-ஐக் கூப்பிடலாம். செய்தவர் வீட்டு ஆளாகவே இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அந்த ஆள் இருக்கவே கூடாது. மானம் போகும் என்று பஞ்சாயத்து பேசி முடித்த வீடுகளை எனக்குத் தெரியும்.

பள்ளிக்குச் சொல்லலாமா?

ஒருவரிடம் மட்டும், நீங்கள் நம்புகிறவரிடம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது. எல்லா டீச்சருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஸ்டாஃப் ரூம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

மருத்துவமனையிலிருந்து வந்தாயிற்று. இனி பயமில்லைதானே?

இங்கேதான் கவனம் தளரக் கூடாது. வீட்டுக்கு வந்த முதல் வாரமும் அடுத்த சில மாதமும் ஆபத்து கூடுதலான காலம். உறவெல்லாம் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போய்விடும், நாமும் “நல்லாயிட்டா” என்று பெருமூச்சு விடுவோம். முதல் மறுபரிசோதனைக்கு ஒரு வாரத்துக்குள் போய்விடுங்கள். மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்திருந்தால் முதல் சில வாரங்கள் இளம் வயதினரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: திடீர்ப் பரபரப்பு, தூக்கமின்மை, எரிச்சல் வந்தால் டாக்டரைக் கேளுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள்.

டாக்டர் எங்களை ஒரு தாளில் எழுதவைத்தார். மகளே எழுதினாள். அந்த நினைப்பு வருவதற்கு முன்னால் அவளுக்குள் என்ன தெரியும் (“கை ஜில்லுனு ஆகும், எல்லாச் சத்தமும் தூரத்துல கேக்கும்”), அப்போது தானாக என்ன செய்யலாம் (குளிப்பது, நாயைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால்வரை நடப்பது), யாரைக் கூப்பிடலாம், எந்த எண். நாத்தனார் பெயர் முதலில் இருந்தது, என் பெயர் மூன்றாவது. கொஞ்சம் வலித்தது. அந்தத் தாள் இன்னும் அவள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

நான் உடைந்துபோயிருக்கிறேன். எனக்கு யார்?

14416 உங்களுக்கும்தான். நான் என் பெயரிலேயே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். சம்பளமில்லாத விடுப்பு போட்டேன். ஒரு நாள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதுவதுபோல் கொஞ்ச நேரம் அழுதேன்.

கழற்றிய தாழ்ப்பாளை எப்போது திரும்பப் போடுவது?

டாக்டரைக் கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள். மகள் போட்ட இரண்டாவது திருத்தம் இது. “ஆறு மாசம்னு எழுதியிருக்கே, எட்டு மாசம்” என்றாள். அவளேதான் வந்து கேட்டாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனார். நாலு ஸ்க்ரூவில் ஒன்றைக் காணோம். மூன்றைப் போட்டு முறுக்கினார், இப்போதும் தாழ்ப்பாள் லொடலொடவென்று ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.